பெரிய வகுப்பில் மொழி கற்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழோ ஆங்கிலமோ நடத்துகிறவர்கள், பயிற்சிக் கூட்டங்களின் தேநீர் இடைவேளையில் கேட்கும் ஐயங்கள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதிவைப்பது நல்லது என்பதால் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன். அடிப்படையானவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

வகுப்பில் எத்தனை பேர் இருந்தால் அதைப் பெரிய வகுப்பு என்று சொல்லலாம்?

சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 200 பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்க நிலையில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்றும், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்றும் வரையறுக்கிறது. ஆனால் விகிதத்தைப் பள்ளி முழுவதற்கும் சேர்த்துப் பார்ப்பதால், பதிவேட்டில் சராசரி ஒழுங்காக இருக்கும்போதே எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் 58 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதும் நடக்கிறது. ஒன்பது, பத்தாம் வகுப்புகள் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதே இல்லை.

மொழி ஆசிரியருக்குப் பயன்படும் அளவுகோல் வேறு. ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பேசுவதை ஒருமுறையாவது உங்களால் காது கொடுத்துக் கேட்க முடியவில்லையென்றால், உங்கள் வகுப்பு பெரியது. சிலருக்கு இது 40 பேரிலேயே வந்துவிடும். 70 பேரை வைத்துக்கொண்டு சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள்.

கணக்கு ஆசிரியருக்கும் அதே அறுபது பேர்தானே? மொழி ஆசிரியர்கள் மட்டும் ஏன் இவ்வளவு குறைப்பட்டுக்கொள்கிறீர்கள்?

கணக்குப் பாடத்தில் ஒரு பிள்ளை வாய் திறக்காமலே கற்றுக்கொள்ளலாம். நோட்டில் போட்ட விடை சரியா தவறா என்பதைக் கரும்பலகையைப் பார்த்துத் தானே தெரிந்துகொள்ளவும் செய்யலாம். மொழி அப்படி வருவதில்லை. பேசினால்தான் பேச்சு வரும், எழுதினால்தான் எழுத்து வரும், அதையும் இன்னொருவர் கேட்டோ படித்தோ மறுமொழி சொல்ல வேண்டும்.

நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 45 நிமிடப் பாடவேளையில் வருகைப் பதிவு, நோட்டு எடுப்பது, முந்தைய ஆசிரியர் எழுதியதை அழிப்பது என்று 5 நிமிடம் போய்விட்டால் மிச்சம் 40 நிமிடம். நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அந்த 40 நிமிடத்தையும் 60 பேருக்குப் பங்கிட்டாலும் ஆளுக்கு 40 வினாடிதான். அதே வகுப்பில் 6 நிமிடம் மட்டும் இருவர் இருவராகப் பேசவிட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 3 நிமிடம் பேசக் கிடைக்கிறது. பெரிய வகுப்பில் பற்றாக்குறை ஆசிரியரின் குரலுக்கு அன்று, பிள்ளை மொழியைக் கையாளும் நிமிடங்களுக்கே. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்தவை.

ஜூன் மாதம் முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்? உடனே பாடத்தைத் தொடங்கிவிடலாமா?

ஒரு வாரம் பொறுக்கலாம். முதல் வேலை பெயர்கள். பழைய நாட்காட்டி அட்டையை நீளவாக்கில் மடித்து, இருபுறமும் பெயரைப் பெரிதாக எழுதி மேசைமீது நிறுத்தச் சொல்லுங்கள். உட்காரும் வரிசைப்படி ஒரு படம் வரைந்து உங்கள் பாடநூலின் உள்ளட்டையில் ஒட்டிவையுங்கள். “ஏய், நீ, மூன்றாவது பெஞ்ச்” என்று கூப்பிடப்படும் பிள்ளை, தன்னைக் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொள்ள முழு உரிமை உண்டு.

இரண்டாவது வேலை, அன்றாடம் நடக்கும் சில்லறைக் காரியங்களுக்கு ஒரு வழக்கத்தை ஏற்படுத்துவது. நோட்டுகளைப் பெஞ்சின் வலது ஓரத்தில் இருப்பவர் சேகரித்து முன்னே கடத்த வேண்டும். தாள் வழங்குவதும் அதே வழியில்தான். பேச்சை நிறுத்துவதற்கு ஓர் அடையாளம் வேண்டும். ஆசிரியர் கையை உயர்த்துகிறார், பார்த்தவர்கள் தாமும் உயர்த்தி வாயை மூடிக்கொள்கிறார்கள், அது பின்வரிசை வரை பரவுகிறது. இதைப் பாடம் எதுவுமே இல்லாமல், “இப்போது எல்லோரும் பக்கத்தில் இருப்பவரிடம் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று பேசுங்கள்” என்று சொல்லிவிட்டு, நடுவில் நிறுத்தி, மறுபடி பேசவிட்டு, மறுபடி நிறுத்தி ஒத்திகை பார்க்க வேண்டும். நிறுத்தப் பழகாத வகுப்பைப் பேசவிடத் துணிச்சல் வராது.

குழுவாக உட்கார வைக்க இடமே இல்லையே. நீள பெஞ்ச், நடுவில் ஓர் ஆள் நடக்கத்தான் வழி இருக்கிறது.

பயிற்சி நிலையத்தில் இருபது ஆசிரியர்களைப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வட்டமாக உட்காரவைத்து நடத்திக்காட்டும் செயல்பாடுகளில் பாதி, உங்கள் அறையில் நடக்காது. அதற்காக வருந்த வேண்டியதில்லை. இணைப்பணிக்கு யாரும் எழுந்திருக்கவே வேண்டாம். பெஞ்சில் அடுத்தடுத்து இருப்பவர்களே இணை. ஐந்து பேர் உட்காரும் பெஞ்ச் என்றால் ஓர் இணை, ஒரு மூவர். நால்வர் குழு வேண்டுமென்றால் முதல், மூன்றாம், ஐந்தாம் பெஞ்சுகளில் இருப்பவர்கள் உட்கார்ந்தபடியே பின்பக்கம் திரும்பிக்கொண்டால் போதும். பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக் குழு அமைத்தால் பத்து நிமிடம் போய்விடும், சத்தம் கேட்டுக் கீழ்த்தளத்து வகுப்பிலிருந்து ஆளும் வந்துவிடும்.

பேசவிட்டால் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடுகிறது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வாசலில் வந்து நிற்கிறார்.

சத்தம் இரண்டு வகை. முப்பது இணைகள் ஒரே வேலையைப் பேசும்போது எழுவது ஒரு சீரான இரைச்சல். அதில் கூச்சல் இருக்காது. வேலை முடிந்தவர்களும், வேலை புரியாதவர்களும் எழுப்புவது வேறு சத்தம். பெரும்பாலும் வாசலில் ஆள் வருவது இந்த இரண்டாவது சத்தத்துக்காகத்தான். எனவே பேச்சு நேரத்தை 2 நிமிடத்தில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். வேலையை வாயால் விளக்கிவிட்டு விடாமல், ஓர் இணையை எழுப்பி எல்லோர் முன்னும் செய்யவைத்துக் காட்டுங்கள். முடித்தவர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது கரும்பலகையின் ஓரத்தில் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் காலையிலேயே, “மூன்றாவது பாடவேளையில் கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பேசவிடப்போகிறேன்” என்று சொல்லிவிடுவது பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். அவர் தேர்வு வைக்கும் நாளில் நீங்கள் வாசிப்போ எழுத்தோ வைத்துக்கொள்ளலாம். பள்ளியில் வேப்பமர நிழல் இருந்தால் வாரம் ஒருமுறை வெளியே அழைத்துச் செல்லுங்கள். ஆனால் திறந்த வெளியில் உங்கள் குரல் எட்டாது. செய்ய வேண்டியதை வகுப்பறையிலேயே சொல்லி முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பாடத்தை ஒவ்வொருவராக எழுப்பி வாசிக்கச் சொல்கிறேன். எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைக்கிறதே, அதில் என்ன தவறு?

எல்லோருக்கும் கிடைப்பதில்லை, ஒருவர் வாசிக்க 59 பேர் தம் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். தனக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணிப் பார்த்து அதை மட்டும் ஒத்திகை பார்க்கும் பிள்ளை, மற்றவர் வாசிப்பதைக் கேட்பதே இல்லை. தடுமாறி வாசிக்கும் பிள்ளைக்கோ அது எல்லோர் முன்னாலும் நடக்கும் தண்டனை.

மாற்று வழி ஒன்று நம் துணைக்கண்டத்திலேயே பிறந்தது. டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் 1920களில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளத்துப் பள்ளிகளின் நிலையில் வாசிப்புத் திறனுக்கே முதலிடம் தர வேண்டும் என்று வாதிட்டவர். நெரிசலான வகுப்புகளுக்கு அவர் பரிந்துரைத்த ஒரு முறை மிக எளியது: பிள்ளை ஒரு சிறு வாக்கியத்தை மனத்துக்குள் வாசிக்கிறது, பிறகு புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொல்கிறது. வாக்கியம் மறந்தால் மறுபடி பார்த்துக்கொள்ளலாம், ஆனால் பார்த்தபடியே சொல்லக் கூடாது. இதை முப்பது இணைகளும் ஒரே நேரத்தில் செய்யலாம். எழுத்துக்கூட்டி ஒப்பிப்பதும் பொருளுணர்ந்து சொல்வதும் எப்படி வேறுபடுகின்றன என்பது பிள்ளைகளுக்கே ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். தமிழ் உரைநடைக்கும் ஆங்கிலப் பாடத்துக்கும் இது ஒன்றுபோலப் பொருந்தும். செய்யுளுக்கு மட்டும் வகுப்பு முழுவதும் சேர்ந்து ஓசையோடு சொல்லும் பழைய முறையே சிறந்தது என்பது என் கருத்து.

ஆங்கில வகுப்பில் இணையாகப் பேசச் சொன்னால் தமிழிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். பிறகு எதற்கு?

“உங்கள் ஊரைப் பற்றிப் பேசுங்கள்” என்று சொன்னால் தமிழில்தான் பேசுவார்கள். நானும் நீங்களும்கூட அப்படித்தான். இருவரும் ஏற்கெனவே அறிந்த ஒன்றை ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்ள எந்தத் தேவையும் இல்லை. ஒருவரிடம் இருக்கும் தகவல் மற்றவரிடம் இல்லாதபடி வேலையை அமைக்க வேண்டும், அதற்குத் தேவையான இரண்டு மூன்று வாக்கியங்களையும் நாமே கையில் கொடுக்க வேண்டும்.

திண்டுக்கல்லிலிருந்து புறப்படும் ஐந்து பேருந்துகளின் கால அட்டவணை ஒன்றைக் கற்பனையாகக் கரும்பலகையில் எழுதுங்கள்: போகும் ஊர், புறப்படும் நேரம், சேரும் நேரம். ஒவ்வோர் இணையிலும் இடப்பக்கம் இருப்பவர் பலகையைப் பார்க்கலாம். வலப்பக்கம் இருப்பவர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, நோட்டில் காலிக் கட்டங்கள் வரைந்துகொள்ள வேண்டும். ‘வாட் டைம் டஸ் த பழனி பஸ் லீவ்?’, ‘வென் டஸ் இட் ரீச் பழனி?’ என்ற இரண்டு வாக்கியங்களை முன்பே எல்லோரும் சேர்ந்து சொல்லிப் பழகியிருப்பார்கள். கட்டங்கள் நிரம்பியதும், “பகல் 12 மணிக்குள் பழனியில் இருக்க வேண்டுமென்றால் எந்தப் பேருந்தில் ஏற வேண்டும்?” என்ற கேள்வியைக் கொடுங்கள். அதைப் பேசி முடிவு செய்யும்போது தமிழ் கலந்தால் கலக்கட்டும். விடையை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாக எழுதிக் காட்டினால் போதும்.

கால அட்டவணையும் வரைபடமும் பாடப்பொருள் ஆவது புதிதன்று. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய ‘பெங்களூரு திட்டம்’ இத்தகைய பணிகளைக்கொண்டே ஆங்கிலம் கற்பித்தது. பணிவழிக் கற்பித்தல் என்று உலகெங்கும் இன்று பேசப்படுவதற்கு அது ஒரு முன்னோடி. அதில் ஆசிரியர் முதலில் வகுப்பு முழுவதுடனும் ஒரு பணியைக் கேள்வி பதிலாகச் செய்துகாட்டுவார். பிறகு அதே போன்ற இன்னொன்றைப் பிள்ளைகள் செய்வார்கள். அந்த முதல் படியைத் தவிர்த்துவிட்டு நேராக இணைப்பணிக்குப் போகிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி எழுகிறது.

மூன்று பிரிவு, 180 நோட்டு. திருத்தி மாளவில்லை. என்ன செய்வது?

ஒரு நோட்டுக்கு 3 நிமிடம் என்றாலும் 9 மணி நேரம். வாரம் ஒரு கட்டுரை எழுதவைத்து அத்தனையையும் வரிக்கு வரி திருத்துவது மனிதரால் ஆகாத காரியம். ஆகிறது என்று சொல்கிறவர்கள் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் கையெழுத்தால் பிள்ளைக்கு எந்தப் பயனும் இல்லை. அதற்குப் பயந்து எழுதவே வைக்காமல் விடுவது இன்னும் மோசம். எழுதுவது அடிக்கடி நடக்கட்டும், திருத்துவது தேர்ந்தெடுத்து நடக்கட்டும்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். பிள்ளைகள் 6 அல்லது 7 வரிகளுக்கு மேல் எழுத வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரு பிரிவில் இரண்டு பெஞ்ச் நோட்டுகளை மட்டும் வாங்குங்கள். எந்த பெஞ்ச் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். அவற்றை முழுமையாகப் படித்து, பலரும் செய்திருக்கும் பிழைகள் ஐந்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் என்றால் ‘பள்ளிக்கு சென்றேன்’, ‘அதை பார்த்தேன்’, ‘மழை பெய்த்தது’, ‘விலையாட்டு’ போன்றவை இருக்கும். ஆங்கிலம் என்றால் ‘ஐ ஆம் வென்ட்’, ‘ஷி கோ டு ஸ்கூல்’, ‘ஹி டிட் நாட் வென்ட்’ ஆகியவை அநேகமாக உறுதி. மறுநாள் அந்த ஐந்து வாக்கியங்களையும் யாருடையவை என்று சொல்லாமல் கரும்பலகையில் எழுதி வகுப்பையே திருத்தவையுங்கள். பிறகு எல்லோரும் தத்தம் நோட்டைத் திறந்து அதே பிழைகள் இருக்கின்றனவா என்று பென்சிலால் வட்டமிட வேண்டும். பத்து நோட்டைப் படித்த உழைப்பு அறுபது பேரையும் எட்டிவிடுகிறது.

ஆய்வுக்கு வருகிறவர் எல்லா நோட்டிலும் கையெழுத்துக் கேட்பார் என்ற அச்சம் நியாயமானது. சுழற்சிப் பட்டியலைப் பாடக்குறிப்பேட்டிலேயே எழுதிவைத்துக் காட்டினால், பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பிள்ளைகளே ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தினால் சரியாக இருப்பதையும் தவறாக்கிவிட மாட்டார்களா?

“திருத்து” என்று பொதுவாகச் சொன்னால் அப்படித்தான் நடக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைத் தேடச் சொல்லுங்கள்: இன்று ‘கு’ உருபுக்குப் பின் வல்லினம் மிகுந்திருக்கிறதா என்று மட்டும்; நாளை ஒவ்வொரு ஆங்கில வாக்கியமும் பெரிய எழுத்தில் தொடங்குகிறதா என்று மட்டும். விதி கரும்பலகையில் இருக்கும். ஐயம் உள்ள இடத்தில் கேள்விக்குறி போடலாம், ஆனால் மற்றவர் எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதும் உரிமை இல்லை.

இந்த அச்சம் பெரியவர்களுக்கும் இருந்தது. முன்பு சொன்ன பிரபுவே, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பிழையான மொழியையே கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற காரணத்தால் குழுப்பணியை ஊக்குவிக்கவில்லை. அந்த எச்சரிக்கையில் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டாம் கேள்வியில் போட்ட நேரக் கணக்கை வைத்துப் பார்க்கும்போது, பிழையோடு 3 நிமிடம் பேசுவது, பேசாமலே இருப்பதைவிட மேல் என்ற பக்கம்தான் நான் நிற்கிறேன். பிழையில்லாத மொழியைக் கேட்க ஆசிரியரின் வாசிப்பும் பாடநூலும் இருக்கின்றன.

ஒரே வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாதவனும் இருக்கிறான், கதை எழுதுகிறவளும் இருக்கிறாள். யாருக்கு நடத்துவது?

நடுவில் இருப்பவர்களுக்கு நடத்திவிட்டு இரு ஓரத்தையும் விட்டுவிடுவதே வழக்கமாக இருக்கிறது. மூன்று தனித்தனிப் பாடங்கள் தயாரிப்பதும் நாள்தோறும் நடக்கிற காரியமில்லை. பாடப்பகுதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், செய்ய வேண்டிய வேலை மட்டும் மூன்று நிலையில் இருக்கட்டும். தொடக்க வகுப்புகளுக்காக 2022ஆம் ஆண்டு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்த்ததை அறிவீர்கள். அந்த எண்ணத்தை மேல் வகுப்புக்கும் கொண்டுவரலாம். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நிலையின் பெயரைச் சூட்டக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு. இந்த மூன்று வாக்கியங்களை இயல்பான வேகத்தில் இரண்டு முறை வாசிக்கிறீர்கள்: “வியாழக்கிழமை அம்மாவுடன் சந்தைக்குப் போனேன். தக்காளி கிலோ நாற்பது ரூபாய் என்றார் கடைக்காரர். அம்மா பேரம் பேசி முப்பத்தைந்துக்கு வாங்கினார்.” வாசிக்கும்போது யாரும் பேனாவைத் தொடக் கூடாது. பிறகு நினைவில் நின்றதை எழுத வேண்டும். எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகளிடம் அதே பகுதி, ஆறு சொற்கள் மட்டும் விடுபட்ட தாளாக இருக்கும். அந்த ஆறு சொற்களும் அடியில் கட்டத்துக்குள் கலைந்து கிடக்கும். நடுநிலையில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு வாக்கியத்தின் முதற்சொல் பலகையில் உண்டு. நன்றாக எழுதுகிறவர்கள் வெற்றுத் தாளில் முழுவதையும் எழுதி, கடைக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று நான்காவதாக ஒரு வாக்கியத்தையும் சேர்க்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் முடிப்பார்கள். பலகையில் நீங்கள் மூலத்தை எழுதும்போது எல்லோரும் ஒரே பகுதியைத்தான் சரிபார்ப்பார்கள். தாளுக்கான செலவு முதல் நிலைக்கு மட்டும்தான்.

எழுத்தே தெரியாத நான்கைந்து பேருக்கு இது போதாது. அவர்களுக்கு வகுப்பு நேரத்துக்கு வெளியே தினமும் கால் மணி நேரம் தனியாக வேண்டும். வேறு குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கெட்டிக்காரப் பிள்ளைகளைக் குழுத்தலைவர் ஆக்கினால், “என் மகள் படிக்க வந்தாளா, பாடம் நடத்த வந்தாளா” என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

கேட்பது சரிதான். இந்த முறையின் வரலாறும் அந்தக் கேள்வியின் பக்கம்தான் நிற்கிறது. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தார்; மூத்த பிள்ளை இளையவர்களுக்கு மணலில் எழுதப் பழக்குவார். சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லம் ஒன்றின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இப்படி மணலில் எழுதும் பிள்ளைகளைப் பார்த்து, மாணவரைக்கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் இல்லத்தில் வளர்த்தெடுத்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஜோசப் லங்காஸ்டரும் அங்கே இதையொத்த முறையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் படிக்கவைத்தார். செலவு குறைந்தது, எழுத்தறிவு பரவியது. ஆனால் ஒப்பித்தலுக்கு அப்பால் அதனால் போக முடியவில்லை என்பதால் பின்னர் கைவிடப்பட்டது.

நமக்கு அதில் எடுத்துக்கொள்ள ஓர் எல்லை இருக்கிறது. சொல் கேட்பது, தாள் வழங்குவது, மனப்பாடச் செய்யுள் சரிபார்ப்பது, இணை எழுதியதில் விடுபட்டதைக் காட்டுவது ஆகியவற்றைப் பிள்ளைகள் செய்யலாம். புதிய பாடத்தை விளக்குவதும் மதிப்பெண் போடுவதும் அவர்கள் வேலையில்லை. பொறுப்பு மாதந்தோறும் கைமாற வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைக்கு அவள் நிலைக்கேற்ற வேலையும் நாள்தோறும் இருக்க வேண்டும். முந்தைய பதிலில் வந்த நான்காவது வாக்கியம் அப்படிப்பட்டது.

கேள்வி கேட்டால் அதே ஏழெட்டுக் கைகள்தான் உயர்கின்றன. மற்றவர்களைப் பேசவைப்பது எப்படி?

கையுயர்த்துவதை வாரத்தில் சில நாள் நிறுத்திவையுங்கள். பெயர் எழுதிய சீட்டுகள் ஒரு டப்பாவில் இருக்கட்டும். கேள்வியைக் கேட்டு, பத்து வினாடி விட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் விடையைச் சொல்லிப்பார்க்கச் சொல்லி, அதன் பிறகே சீட்டை எடுங்கள். எழுந்து நிற்கும் பிள்ளை தன் விடையைச் சொல்லலாம், பக்கத்தில் இருப்பவர் சொன்னதையும் சொல்லலாம். ஒருமுறை சொல்லிப்பார்த்துவிட்டதால் அதற்கு நா எழும். பெஞ்சுகளைத் திங்கள்தோறும் ஒரு வரிசை முன்னே நகர்த்தினால் கடைசி பெஞ்ச் என்று நிரந்தரமாக ஒன்று இருக்காது. கண்பார்வை, செவிக்குறை உள்ள பிள்ளைகள் மட்டும் எப்போதும் முன்னால்.

நான்கைந்து பேர் வகுப்பையே கெடுக்கிறார்கள். அடிக்கவும் கூடாது என்கிறார்கள். வேறு என்னதான் வழி?

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. எல்லோர் முன்னாலும் இழிவாகப் பேசுவதும் அதில் அடங்கும். அது இருக்கட்டும். மொழி வகுப்பில் ஒருவரைக் கேலி செய்தால், அன்று முதல் அவர் மட்டுமல்லாமல் பார்த்துக்கொண்டிருந்த இருபது பேரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அந்த நான்கைந்து பேரின் நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பாடம் அவர்களுக்கு எட்டவில்லை என்பது தெரியும். அங்கே நிலைக்கேற்ற வேலைதான் மருந்து. பாடம் எட்டியும் ஆட்டம் போடுகிறவர்களைப் பிரித்து உட்காரவைத்து, தனியாகக் கூப்பிட்டு, குரல் உயர்த்தாமல் பேசுங்கள். ஐம்பத்தைந்து பேர் பார்க்கும் இடத்தில் பேச்சுக்குப் பேச்சு நின்றால் அவர்களுக்குப் பின்வாங்க வழி இருக்காது, உங்களுக்கும் இருக்காது.

வளரறி மதிப்பீட்டில் பேசும் திறனுக்கு மதிப்பெண் போட வேண்டும். அறுபது பேரையும் எப்போது பேசவைத்துக் கேட்பது?

தேர்வு நாள் என்று தனியாக வைத்தால் ஒரு வாரம் பாடம் நின்றுவிடும். ஒவ்வொரு பாடவேளையிலும் இணைப்பணி நடக்கும் 6 நிமிடத்தில், அன்றைக்கு என்று குறித்துவைத்த நான்கு பேரின் அருகில் போய் நின்று கேளுங்கள். நாளுக்கு நான்கு பேர் என்றால் 15 பாடவேளையில் 60 பேர் முடிந்துவிடும். ஒரு பருவத்துக்குள் இரண்டாம் சுற்றுக்கும் நேரம் இருக்கும். கையில் பெயர்ப் பட்டியலும் மூன்று குறியீடும் போதும்: சொல்ல வந்ததைச் சொல்கிறார், உதவியோடு சொல்கிறார், இன்னும் தொடங்கவில்லை. மதிப்பெண்ணாக மாற்றுவதைப் பிறகு வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். விடுப்பில் இருந்தவர்களை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவையுங்கள்.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்தால் பாடத்தை எப்போது முடிப்பது? அதுவும் பத்தாம் வகுப்பில்?

இணைப்பணியும் எழுத்தும் பாடத்துக்கு வெளியே நடக்கும் கூடுதல் வேலைகள் என்று எண்ணுவதால் வரும் கேள்வி இது. வாசித்து நிமிர்ந்து சொல்வதைப் பாடநூல் பத்தியைக்கொண்டே செய்யலாம். கேட்டு எழுதுவதற்குப் பாடத்தின் சுருக்கமே போதும். கடிதமும் விண்ணப்பமும் எப்படியும் தேர்வுக்கு உரியவை. நேரம் எடுப்பது உண்மையில் ஆசிரியர் வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்வதும், வினா விடைகளைப் பலகையில் எழுதிப்போட்டுப் பார்த்தெழுதவைப்பதும்தான். அதில் பாதியைக் குறையுங்கள்.

பத்தாம் வகுப்பில் டிசம்பருக்குப் பிறகு திருப்புதல் தேர்வுகள் வந்துவிடும். அப்போது புதிய பழக்கம் எதையும் தொடங்க வேண்டாம். ஜூன் முதல் நவம்பர் வரை பழகியிருந்தால், திருப்புதலையும் இணை இணையாகக் கேள்வி கேட்டுக்கொண்டே நடத்தலாம்.

ஹைடெக் லேப், ஸ்மார்ட் போர்டு எல்லாம் வந்துவிட்டதே, அதை வைத்துச் சமாளிக்க முடியாதா?

கொஞ்சம் முடியும். நல்ல உச்சரிப்பைக் கேட்கவைக்கவும், ஒரு படத்தை எல்லோருக்கும் தெரியும்படி காட்டவும் திரை உதவும். ஆனால் கணினிகளின் எண்ணிக்கை வகுப்பின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருப்பதால், பாதிப் பேருக்குத் தாளில் வேலை தயாரித்துக்கொண்டுதான் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். என்னைக் கேட்டால், தொண்டை கட்டிப்போகும் ஆசிரியருக்கு முதலில் வாங்கித்தர வேண்டியது இடுப்பில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கி.

நாம் சமாளித்துக் காட்டினால், அறுபது பேர் இருந்தாலும் பரவாயில்லை என்று மேலே இருப்பவர்கள் நினைத்துவிட மாட்டார்களா?

நினைக்கக்கூடும். அதனால் எது நடக்கிறது என்பதோடு எது நடக்கவில்லை என்பதையும் எழுத்தில் வைப்பது அவசியம். இங்கே சொன்ன எதனாலும் அறுபது பேரின் உச்சரிப்பைத் தனித்தனியே சீராக்க முடியாது. ஒரு பிள்ளையின் கட்டுரையை அருகில் உட்காரவைத்து இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதவைக்க முடியாது. ஒருவரோடு 5 நிமிடம் தொடர்ந்து உரையாட முடியாது. மொழி கற்பதில் இவை ஓரத்தில் இருப்பவை அல்ல.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், “இந்தப் பிரிவில் 58 பேர், பேசும் திறனில் இன்னும் தொடங்காதவர்கள் இத்தனை பேர், பிரிவைப் பிரிக்க வேண்டும்” என்று உங்கள் மூன்று குறியீட்டுப் பட்டியலைக் காட்டி, அதைத் தீர்மானமாகப் பதியவையுங்கள். பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவுசெய்யும் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் முதல் நாள் மாணவர் எண்ணிக்கையை வைத்து நடப்பதால், தீர்மானமும் கோரிக்கையும் ஜூலைக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இன்னோர் ஆசிரியர் விடுப்பு. இரண்டு பிரிவையும் சேர்த்து ஒரே அறையில் 110 பேரை உட்காரவைத்துவிட்டார்கள். அந்த நாளில் என்ன நடத்துவது?

புதிய பாடம் வேண்டாம். இடம் போதாததால் எழுதுவது சிரமம். தரையில் உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் நோட்டை வைத்து அதிகம் எழுத முடியாது. செய்யுள் ஒன்றை அறையை இரண்டாகப் பிரித்து அடி மாற்றி அடி சொல்லவைக்கலாம். பிறகு பழைய பாடம் ஒன்றிலிருந்து ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளை மட்டும் எழுதி, மற்றப் பிரிவைச் சேர்ந்த ஒருவரிடம் கேட்டு விடை வாங்க வேண்டும். தெரியாத பிள்ளையிடம் பேசுவதால் முறையாகப் பேசவும் செய்வார்கள். கடைசிப் பத்து நிமிடம் நீங்கள் ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள், முடிவுக்கு முன் நிறுத்திவிடுங்கள். முடிவை அவர்கள் வீட்டில் மூன்று வரியில் எழுதி வரட்டும். நோட்டு எதையும் வாங்க வேண்டாம். பிரிவு வாரியாக வருகைப் பதிவை மட்டும் கதை தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.